பாதிக் குழல் உங்களுக்கு, மீதி கூட்டாளிக்கு: எஸ்லோன் பைப்பில் 'சிகு' செய்வது எப்படி?

இணுவில் பக்கத்துத் திருவிழாக்களில் இரட்டை நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். ஆனாலும் இருவர் கையிலும் ராகம் முழுதாய் இருக்கும். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில், டிட்டிகாக்கா ஏரிக்கரையில் வாழும் ஐமாரா மக்களின் சிகு அப்படியில்லை. வேறுவேறு நீளக் குழாய்களை வரிசையாய்க் கட்டி ஊதும் குழல் அது. அடுத்தடுத்த சுரங்களையே இருவருக்குப் பங்கு பிரித்துவிடுகிறார்கள். 'இரா' என்ற பாதியில் வழமையாக 6 குழாய், 'அர்கா'வில் 7. கூட்டாளி வராவிட்டால் பாட்டே இல்லை. அந்தீஸ் மலைப் பாட்டுகளில் நட்பைத் தேடுகிறவர்களுக்கு, வரிகளுக்கு முன்னம் இந்தக் குழலைத்தான் காட்டுவேன்.

அங்கே நாணலில் செய்வார்கள். நமக்கு அரை இஞ்சி எஸ்லோன் பைப் (பிவிசி குழாய்) போதும். தொடங்குவதற்கு 8 துண்டுகள். வாயிலிருந்து அடைப்பு வரையான நீளம்தான் சுரத்தைத் தீர்மானிக்கும். இராவுக்கு ச, க, ப, நி: 22.3, 17.7, 14.9, 11.8 சென்ரிமீற்றர். அர்காவுக்கு ரி, ம, த, மேல் ச: 19.8, 16.7, 13.2, 11.1. சங்கராபரணம் கிடைக்கும். எல்லாவற்றையும் 2 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். பழைய றப்பர் செருப்பில் வட்டம் வெட்டி அடியில் இறுக்கி, சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு குச்சியால் மெல்ல மேலே தள்ளுங்கள். விளிம்பைச் சாண்ட்பேப்பரால் வடிவாய்த் தேய்த்து, நான்கு நான்காய்க் கட்டுங்கள்.

ஊதுவது சோடாப் போத்தல் வாயில் ஊதுகிற மாதிரித்தான். சேர்ந்து ஊதுவதில்தான் வேலை இருக்கிறது. இரா வைத்திருப்பவர் 'ச' என்று தொடங்க, அர்கா 'ரி' என்று பதில் சொல்ல, படிப்படியாய் ஏறி இறங்குங்கள். கூட்டாளியின் சுரம் முடிந்த பிறகு மூச்செடுத்தால் பிந்திவிடும். அவர் ஊதும்போதே நீங்கள் மூச்செடுத்துத் தயாராய் நிற்கவேண்டும். தனியாய் விடாமல் ஊதினால் கெதியாய்த் தலைசுற்றும். அந்த ஏரியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு மெல்லிய காற்றில், ஒருவர் ஊதும் நேரமே மற்றவருக்கு ஆறுதல்.

இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டித் தனியே வாசிக்கும் மேடைக் கலைஞர்களும் உண்டு. தயவுசெய்து நீங்கள் அப்படித் தொடங்கவேண்டாம். ஒரு பாட்டுப் பிடிபட்டதும் பாதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டாளிக்கு எந்த இடம் கஷ்டம் என்று அப்போதுதான் விளங்கும்.

பெருவின் பூனோ நகரில் பெப்ரவரியில் நடக்கும் கந்தலாரியா மாதா திருவிழாவில், 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா அது, பெரிய மேளங்களோடு இப்படிச் சோடி சோடியாய் வாசித்துக்கொண்டு போவார்கள். உங்கள் வாசிப்பைக் கேட்டு மூன்றாவது ஆள் ஆசைப்பட்டு வந்தால், அவரையும் ஒரு கூட்டாளியோடு வரச் சொல்லுங்கள்.