பழைய கருவிகளும் புதிய கருவிகளும் ஒரே வைஃபையில்: கட்டுப்பாட்டுச் செய்திகளின் சுமையைக் குறைக்கும் முறை

அலுவலகத்திலோ விடுதியிலோ வைஃபை மந்தமானால், இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டவே பெரும்பாலோர் முதலில் முற்படுகிறார்கள். ஆனால் பழைய அச்சுப்பொறியும், பேட்டரியில் இயங்கும் சென்சார்களும், புதிய கைப்பேசிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், நேரத்தை விழுங்குவது பல வேளைகளில் தரவு அன்று. தரவுக்கு முன்னும் பின்னும் செல்லும் கட்டுப்பாட்டுச் செய்திகளே. இச்செய்திகள் எல்லாக் கருவிகளுக்கும் புரிய வேண்டியிருப்பதால், கூட்டத்திலேயே மெதுவான கருவியின் வேகத்துக்கு அவை இறங்கிவிடுகின்றன.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் சுமையின் அளவு விளங்கும். வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான அக்சஸ் பாயிண்ட் ஒவ்வொன்றும், தான் அறிவிக்கும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும், வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை 'பீக்கன்' என்னும் அறிவிப்பை அனுப்புகிறது. 300 பைட் நீளமுள்ள ஒரு பீக்கன், பழைய முறைப்படி நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் செல்லும்போது, செய்திக்கு முன் செல்லும் தொடக்கக் குறியான முன்னொட்டுக்குரிய 192 மைக்ரோநொடியையும் சேர்த்து ஏறத்தாழ 2.6 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே பகுதியில், மூன்று அக்சஸ் பாயிண்டுகள் தலா நான்கு பெயர்களை அறிவித்தால், யாரும் ஒரு பைட்கூட அனுப்பாத நேரத்திலும் அந்தச் சேனலின் நேரத்தில் சுமார் 30 விழுக்காடு போய்விடும். அதே பீக்கன் 12 மெகாபிட் வேகத்தில் சென்றால் 0.23 மில்லிநொடி போதும்.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். மடிக்கணினியின் வைஃபை அட்டையை, காற்றில் செல்லும் செய்திகளையெல்லாம் கேட்கும் மானிட்டர் நிலையில் வைத்து, வயர்ஷார்க் மென்பொருளில் பீக்கன்களை மட்டும் வடிகட்டினால், ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் வருகிறது என்பது தெரியும். அக்சஸ் பாயிண்டின் இணைப்புப் பட்டியலில் எவை 1999ஆம் ஆண்டின் 802.11பி என்னும், 11 மெகாபிட்டுக்கு மேல் அறியாத பழைய வைஃபை முறையில் இணைந்துள்ளன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலை ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சரக்குக் கணக்கெடுப்பின்போது மட்டும் கிடங்கிலிருந்து வெளியே வரும் பார்கோடு ஸ்கேனர் போன்றவை, ஒரு வாரமாவது காத்திருந்தால்தான் கண்ணில் படும்.

அடுத்து, தேவையற்ற வைஃபை பெயர்களை நீக்குங்கள். விருந்தினருக்கு ஒன்று, பணியாளருக்கு ஒன்று, சென்சார்களுக்கு ஒன்று என மூன்றே பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

அதன்பின் வருவதே முக்கியமான படி. அமைப்புகளில் 'பேசிக் ரேட்' என்றோ 'மேண்டட்டரி' என்றோ குறிக்கப்படும் கட்டாய வேகங்களின் பட்டியலில் 1, 2, 5.5, 11 மெகாபிட் ஆகிய நான்கையும் முழுவதுமாக அணைத்துவிட்டு, 12, 24 மெகாபிட் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். 12க்கு மேற்பட்ட பிற வேகங்கள் விருப்ப வேகங்களாக இருக்கட்டும். கட்டாய வேகங்கள் அனைத்தையும் அறிந்த கருவிதான் வலையமைப்பில் சேர முடியும் என்பதாலும், தரவு வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் பெறுகைச் செய்திகளும் அனைவருக்குமான பரப்புச் செய்திகளும் இவ்வேகங்களையே சார்ந்திருப்பதாலும், இந்த ஒரு மாற்றம் பல இடங்களில் ஒருசேரப் பயன் தருகிறது. ஒரே அக்சஸ் பாயிண்டை வைத்துப் பெரிய கட்டடத்தைச் சமாளிப்பவர்கள் 6 மெகாபிட்டைக் கட்டாயப் பட்டியலில் வைத்துக்கொள்வது நல்லது. வேகம் கூடக்கூட, பீக்கனைப் புரிந்துகொள்ளும் தூரம் குறையும். ஆனால் அலை அதே தூரம் பரவிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அண்டை அக்சஸ் பாயிண்டுகளுக்கு நேரும் இடையூறு இதனால் நீங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு 1, 6, 11 என்று சேனல்களைப் பிரிப்பதும் அலையின் திறனைக் குறைப்பதுமே வழி.

பழைய கருவி ஒன்றே ஒன்று இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 802.11பி கருவி ஒன்று இணைந்தவுடன், அக்சஸ் பாயிண்ட் தன் பீக்கனில் 'பாதுகாப்பு' அடையாளத்தை இடுகிறது. அதைக் கண்ட புதிய கருவிகள், தாம் பேசப்போவதைப் பழைய கருவிக்குப் புரியும் முறையில் முன்கூட்டியே அறிவித்த பின்னரே தரவை அனுப்ப வேண்டும். 1 மெகாபிட் வேகத்தில் இந்த 14 பைட் முன்னறிவிப்புக்கு 304 மைக்ரோநொடி ஆகிறது. அதைத் தொடர்ந்து 54 மெகாபிட்டில் செல்லும் 1500 பைட் தரவுக்கோ சுமார் 250 மைக்ரோநொடிதான் ஆகிறது. அறிவிப்பு, அறிவிக்கப்படும் பொருளைவிட நீண்டுவிடுகிறது. பழைய கருவி எதையும் அனுப்பாமல் சும்மா இணைந்திருந்தாலும் இதே நிலைதான்.

அதற்காக அக்கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை; வேலை செய்யும் ஒரு பொருளை வைஃபைக்காகக் குப்பையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சுப்பொறியில் ஈதர்நெட் துளை இருந்தால் ஒரு கேபிளை இழுத்துவிடுங்கள். முடியாத கருவிகளுக்குப் பழைய அக்சஸ் பாயிண்ட் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, பிறவற்றுக்குத் தராத ஒரு சேனலில், குறைந்த திறனில், அவற்றுக்கு அருகிலேயே இயக்குங்கள். மலிவான சென்சார்கள் பலவற்றில் உள்ள இஎஸ்பி8266 சில்லு, 802.11பி-க்குப் பின் வந்த 802.11ஜி, 802.11என் முறைகளையும் அறியும் என்பதால், மேற்சொன்ன வேக மாற்றம் பொதுவாக அதைப் பாதிக்காது.

பேட்டரியில் இயங்குபவற்றின் கவலை வேறு: வேகத்தைவிட உறக்கமே அவற்றுக்குப் பெரிது. எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை பரப்புச் செய்திகள் அனுப்பப்படும் என்பதைக் குறிக்கும் 'டிடிம்' மதிப்பை 1இலிருந்து 3ஆக உயர்த்தினால், பரப்புச் செய்திகளுக்காக அவை ஒவ்வொரு பீக்கனுக்கும் விழிக்காமல், ஏறத்தாழ 307 மில்லிநொடிக்கு ஒருமுறை விழித்தால் போதும். குரல் அழைப்பு அறிவிப்புகளைப் பரப்புச் செய்தியாக அனுப்பும் கருவிகள் இருக்கும் பெயரில் மட்டும் இதை உயர்த்த வேண்டாம். வைஃபை 6 சென்சார்கள் இருந்தால், விழிக்கும் நேரத்தை அக்சஸ் பாயிண்டுடன் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளும் 'டார்கெட் வேக் டைம்' வசதியை இயக்குங்கள். இரு பக்கமும் அதை அறிந்திருந்தால் மட்டுமே அது செயல்படும்.

ஒரு நாளில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின், முதலில் எழுதிவைத்த பட்டியலிலுள்ள கருவிகள் அனைத்தும் மீண்டும் இணைந்துள்ளனவா என்று சரிபாருங்கள். ஏதேனும் ஒன்று காணாமற்போனால், கடைசியாகச் செய்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெற்றால் போதும்.