ஐப்பசி, கார்த்திகையில் விட்டில் பிடித்துப் பதிவு செய்யும் முறை

குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றாலே மழை. அதற்காக, இரவில் வெள்ளைத் திரைக்கு முன் விளக்கேற்றி விட்டில்களை (அந்துப்பூச்சிகளை) வரவழைத்து எண்ணும் வேலையை நிறுத்திவிட வேண்டாம். பெய்து ஓய்ந்து, காற்று அடங்கி, மேகம் மூடிய புழுக்கமான இரவில்தான் விட்டில்கள் நிறைய வரும். அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலவொளியில் வரத்துக் குறையும். கார்த்திகைத் தீபத்தன்று பௌர்ணமி, அது உகந்த நாள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் என்றால் காற்றுக்கு மறைவாக இடம் பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உரிமையாளரிடமும், விடியுமுன் பால் வெட்ட வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக்கூடாது.

திரைக்கு நாலு முழப் பருத்தி வேட்டி போதும். பாலியெஸ்டரில் பூச்சிக்குக் கால் பிடிக்காது. நெஞ்சுயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு பழைய வெள்ளைத் துணியை விரியுங்கள். பாதிப் பூச்சிகள் தரையில்தான் உட்காரும். திரைக்கு ஒரு சாண் முன்னால் விளக்கு. 160 வாட் பாதரச விளக்கு நன்றாக இழுக்கும். ஆனால் சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிக்கும். வெளிக்கண்ணாடி உடைந்தும் எரிந்தால் உடனே அணையுங்கள், அந்த ஒளி கண்ணையும் தோலையும் கெடுக்கும். இந்தப் பருவத்துக்கு 365 நானோமீட்டர் புற ஊதா எல்.இ.டி. விளக்கே நல்லது. 10 வாட் விளக்கை 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாங்கும். அதையும் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

ஈசல் கிளம்பினால் திரையே மறைந்துவிடும். அரை மணி நேரம் விளக்கை அணைத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கறுப்பும் செம்மஞ்சளுமாக எறும்பு போன்ற மெல்லிய வண்டு கையில் ஏறினால் நசுக்காமல் ஊதிவிடுங்கள். அதன் சாறு பட்ட இடம் கொப்பளிக்கும்.

விளக்குக்கு வராதவற்றுக்குப் பழக்கூழ். நன்கு கனிந்த பத்து மட்டிப்பழத்தைக் கால் கிலோ கருப்பட்டியுடன் பிசைந்து இரண்டு நாள் புளிக்க விடுங்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து தெறிக்கும். மரத்தில் பூசினால் மழை கழுவிவிடும். ஆகவே பருத்திக் கயிற்றை அதில் ஊறவைத்து, இலையடர்ந்த கிளைக்கு அடியில் தொங்கவிடுங்கள். பழச்சாறு உறிஞ்சும் பெரிய விட்டில்கள் இதற்குத்தான் வரும்.

பதிவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேதி, இடம், கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம், விளக்கின் வகை, ஏற்றிய நேரம், அணைத்த நேரம், மழை, காற்று ஆகியவற்றை முதலிலேயே எழுதிவிடுங்கள். மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை அரை மணிக்கொரு முறை எண்ண வேண்டும். எண்ணிக்கைகளைக் கூட்டாதீர்கள், ஒரே விட்டில் ஒவ்வொரு முறையும் அங்கேயே இருந்திருக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். எதுவும் வராத இரவையும் பூச்சியம் என்று பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட ஒன்றுமிருக்காது.

புற ஊதா ஒளியில் எடுத்த படத்தில் நிறம் ஊதாவாகிவிடும். வெள்ளை டார்ச் வெளிச்சத்தில் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல். பின்னிறகு தெரிந்தால் அதையும் எடுங்கள், பல இனங்களைப் பிரிப்பதே அதுதான். இனம் உறுதியாகாவிட்டால் பேரினத்தோடு (நெருங்கிய இனங்கள் சேர்ந்த குழுவோடு) நிறுத்திக்கொள்ளுங்கள். படங்களை, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம்.

விடியுமுன் திரையை மெல்ல உதறி, பூச்சிகளைப் புதருக்குள் விட்டுவிடுங்கள். தாமதித்தால் கரிச்சான் குருவிகள் வரிசையாக வந்து தின்றுவிடும்.