செல்ஃப் சுற்றுகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டாம். பெட்ரோல் காரில் முதலில் காதைத்தான் நம்புவேன். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட் பக்கம் ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் முனகும். சத்தமே இல்லையா? பம்ப்பின் ஃபியூஸ், ரிலேயை (பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) பாருங்கள். புது பம்ப் வாங்குவது அப்புறம்தான்.

சத்தம் வருகிறதா? சரி, கொஞ்சம் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், எரிபொருள் வருகிறது, பெரும்பாலும் பிளக்கில் வரும் தீப்பொறிதான் சரியில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே போகவில்லை.

டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கினால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) தடுக்கிறது. மாற்றுச் சாவி போட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் சூடேறிவிடும்.