கார் ஏசியில் சத்தமா? டாஷ்போர்டைக் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன ஆடிக் காற்றில் எங்கள் காரில் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஃபேனை மூன்றில் வைத்தால் காதைத் துளைக்கும், ஒன்றில் வைத்தால் அடங்கிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ப்ளோயர் மோட்டார் போய்விட்டது, டாஷ்போர்டையே இறக்க வேண்டும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ப்ளோயர் சக்கரத்துக்குள் வேப்ப ஈர்க்கு ஒன்று சிக்கியிருந்தது. வண்டி நிற்பது வேப்ப மரத்தடியில். ஈர்க்கை எடுத்ததும் சத்தம் நின்றது. இதுபோன்ற சின்ன விஷயத்துக்கு யாரும் பெரிய பில் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாஷ்போர்டுக்குள் சத்தம் போடக்கூடியவை சிலதான். காற்றைத் தள்ளும் ப்ளோயர். காற்றை முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ திருப்பிவிடும் ஃப்ளாப்கள். கூலிங் காயிலுக்குள் பாயும் கேஸ். ஹீட்டருக்குப் போகும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம். இந்த நான்கும் வெவ்வேறு விதமாகச் சத்தம் போடும். எந்த நாபைத் திருப்பினால் சத்தம் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: இன்ஜினை ஓடவிடாமல் கேளுங்கள்

வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் வண்டி என்றால், பெரும்பாலானவற்றில் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்தினால் போதும். ரேடியோவையும் ஏசி பட்டனையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது ஃபேனை ஒன்றிலிருந்து மேலே ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அப்புறம் ஃபேனை ஒரே வேகத்தில் விட்டுவிட்டு வெப்பநிலையை முழுக் குளிரிலிருந்து முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். அடுத்து முகம், கால், கண்ணாடி என்று திசையை மாற்றுங்கள். கடைசியாக, காரின் படத்துக்குள் வளைந்த அம்பு இருக்கிறதே, அந்த ரீசர்குலேஷன் பட்டன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி காத்திருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சத்தம் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ரீசர்குலேஷன் போட்டதும் ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம். காற்றை உறிஞ்சும் வாய் காருக்குள் திறக்கிறது, அவ்வளவுதான்.

ஃபேன் வேகத்தோடு சத்தமும் ஏறினால்

ப்ளோயர்தான். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் அது இடது பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ கீழேயோ இருக்கும். முதலில் ஏசி ஃபில்டரை வெளியே எடுங்கள். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸின் இரண்டு ஓரத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே தொங்கும், பின்னால் ஃபில்டர் மூடி தெரியும். இலை, எலி கடித்த பஞ்சு, சில சமயம் எலிக்கூடே கிடைக்கும். எலி நடமாட்டம் தெரிந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். ஃபில்டரைத் திரும்பப் போடும்போது அதன் ஓரத்தில் இருக்கும் அம்பு காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

அதன் பிறகும் சத்தம் இருந்தால் சாவியை எடுத்துவிட்டு ப்ளோயரின் வயர் கனெக்டரைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூவில் மோட்டார் கையோடு வந்துவிடும். சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இதழில் சின்ன உலோகக் கிளிப் மாட்டியிருந்தால் அதைக் குப்பை என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காகக் கம்பெனியில் வைத்த எடை அது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுத்தமாக இருந்தும் ‘கிரீச்’ என்று கத்தினால் மோட்டார் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும், திரும்ப வரும். மாற்றிவிடுவதே நல்லது.

‘டக் டக் டக்’ என்றால்

பலரைக் குழப்பும் சத்தம் இதுதான். சாவியைப் போட்டதும் அல்லது வெப்பநிலையை மாற்றியதும் சில விநாடி டாஷ்போர்டுக்குள் யாரோ விரலால் தட்டுவதுபோல் கேட்கும். ஃபேனை அணைத்தாலும் கேட்கும். ஃப்ளாப்பை நகர்த்தும் சின்ன மோட்டாரை மெக்கானிக்குகள் ஆக்சுவேட்டர் என்பார்கள். அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் பல் சக்கரம். ஒரு பல் உடைந்தால் மோட்டார் தள்ளத் தள்ளச் சக்கரம் வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு ‘டக்’.

வெப்பநிலைக்குச் சத்தம் வந்தால் சூடு குளிர் கலக்கும் ஃப்ளாப். திசைக்கு வந்தால் திசை ஃப்ளாப். ரீசர்குலேஷனுக்கு வந்தால் ப்ளோயருக்குப் பக்கத்தில் இருப்பது. உங்கள் வண்டியில் நாபைத் திருப்பக் கை கொஞ்சம் இறுக்கமாக உணர்ந்தால் அது கேபிளால் இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே இந்த மோட்டார் இருக்காது.

ஆளை விட்டு நாபைத் திருப்பச் சொல்லி, தெரிகிற ஆக்சுவேட்டர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வையுங்கள். கெட்டது விரலில் உதைக்கும். சாவியை எடுத்துவிட்டு, போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் அது வந்துவிடும். உடனே புதியதை வாங்க ஓட வேண்டாம். ஃப்ளாப்பின் தண்டை விரலால் மெல்லத் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றினால் போதும். தண்டே இறுகியிருந்தால் உள்ளே பேனாவோ காசோ விழுந்து தடுக்கலாம். தடையை எடுக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் உடையும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மஞ்சள் நிற வயரும் கனெக்டரும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் கை வைக்கவே கூடாது. வழியில் மறித்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் கேட்டால்

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ சத்தம் கேஸ் பாய்வது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும், இயல்புதான். அது புதிதாகப் பலமாகி, குளிர்ச்சியும் குறைந்திருந்தால் கேஸ் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்பத்தில் இடது பக்கம் தண்ணீர் ‘தளக்’ என்று ஆடினால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். புழுக்கமான நாளில் பத்து நிமிடம் ஏசி ஓடியும் கீழே சொட்டவில்லை என்றால், ஏசியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய் அடைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் ‘குளுகுளு’ என்று ஓடினால் கூலன்ட் குறைந்து ஹீட்டருக்குள் காற்று புகுந்திருக்கலாம். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே அளவைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு அடிக்கடி குறைந்தால் கசிவு எங்கோ இருக்கிறது, ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், நாபைத் திருப்பும் கையும் சத்தமும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் நிற்கும்போது அந்தச் சத்தம் வராமல் போகலாம்.