லைசென்ஸ் முடக்கத்தில் இருக்கும்போது கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தது

குடித்துவிட்டு ஓட்டியதற்கு லைசென்ஸை 6 மாதம் முடக்கிவிட்டார்கள். தப்பு என்னுடையது, அதில் பேச்சில்லை. நடுவில் கார் பாலிசி முடியும் தேதி வந்தது.

நாகர்கோவில் ஏஜென்ட், “லைசென்ஸ் இல்லாம புதுப்பிக்க முடியாது சார்” என்றார். தக்கலையில் இன்னொருவர், ஆர்சியை மனைவி பேருக்கு மாற்றச் சொன்னார். அந்த அலைச்சலில் 4 நாள் போச்சு. ஆன்லைனிலும் லைசென்ஸ் கேட்கும் இடத்திலேயே நின்றது.

கடைசியில் பழைய பாலிசியை வரி வரியாகப் படித்தேன். லைசென்ஸ் கேட்டது காருக்கு அல்ல. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்புக்கு! செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்தக் காப்பு கிடையாது, அதற்குப் பிரீமியமும் வாங்கக்கூடாது. ‘லைசென்ஸ் இல்லை’ என்று குறித்ததும் அந்தத் தொகை கழிந்து, பத்து நிமிடத்தில் பாலிசி வந்துவிட்டது.

அதே பாலிசியில் ஓட்டுநர் நிபந்தனையையும் பாருங்கள். மனைவி ஓட்டினால் அவள் லைசென்ஸ்தான் கணக்கு. தடைக்காலத்தில் நான் ஓட்டி இடித்தால் என் கார் சேதத்துக்குக் காசு வராது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும், அதை என்னிடமே வசூலிக்கலாம்.

மார்த்தாண்டம் சந்தைக்கு இப்போது இடதுபக்க சீட்டில்தான் போகிறேன். லைசென்ஸ் திரும்பிய அன்றே அந்த 15 லட்சக் காப்பைத் தனியாக எடுக்க வேண்டும்.