ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி? பணம் கேட்கும் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஆய்வேட்டுக்குக் கட்டுரைகள் தேடத் தொடங்கியபோது எனக்கு முதல் இரண்டு வாரம் வீணாகப் போனது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் என் கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். அதனால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், உங்கள் துறை அந்த விஷயத்தை என்ன பெயரில் அழைக்கிறது என்று பாருங்கள். 'தூக்கம் குறைந்தால் மதிப்பெண் குறையுமா' என்பது நம் கேள்வி. கட்டுரைகளில் அது 'ஸ்லீப் டெப்ரிவேஷன்', 'அகாடமிக் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருக்கும். ஓரளவு பொருந்தும் கட்டுரை ஒன்று கிடைத்தால் போதும். பெரும்பாலும் அதன் சுருக்கத்துக்குக் கீழே 'கீவேர்ட்ஸ்' என்று சில சொற்கள் இருக்கும். அவற்றை ஆங்கிலத்திலேயே எடுத்துக்கொண்டு மறுபடி தேடுங்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மருத்துவம், உயிரியல் என்றால் அந்தத் துறைக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டைத்தான் நான் முதலில் திறப்பேன். அங்கே கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தியிருப்பதால் குப்பை குறைவு.

அடுத்து, அந்த ஒரு கட்டுரையிலிருந்து இரண்டு பக்கமும் நகருங்கள். அதன் மேற்கோள் பட்டியல் பழைய ஆய்வுகளுக்குக் கொண்டுபோகும். ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' இணைப்போ, பின்னால் வந்தவற்றைக் காட்டும்.

சரி, இனிதான் பலரும் நின்றுவிடும் இடம். தலைப்பைச் சொடுக்கினால் பதிப்பக இணையதளம் பணம் கேட்கும். நானும் அங்கிருந்தே திரும்பிப்போய், சுருக்கத்தை மட்டும் படித்து எழுதியிருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், முறையும் வரம்பும் சுருக்கத்தில் முழுதாக இருக்காது. ஸ்காலர் முடிவின் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்ட இலவசப் பிரதி பல நேரம் அங்கேயே இருக்கும். உலாவியில் 'அன்பேவால்' நீட்சியையும் நிறுவிக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். இரண்டிலும் இல்லையா? ஸ்காலர் அமைப்புகளில் 'லைப்ரரி லிங்க்ஸ்' போய் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துப் பாருங்கள். நூலகம் சந்தா கட்டியிருந்தால், அந்த இணைப்பு வழியாகப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிக்க முடியும். கடைசி வழி, ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். தயங்காதீர்கள், தன் ஆய்வை ஒருவர் படிக்கக் கேட்பது அவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

ஒரு எச்சரிக்கை: இலவசப் பிரதி சில நேரம், இதழில் வெளியாவதற்கு முந்தைய முன்வரைவாக இருக்கும். 1991 முதல் இயங்கும், முன்வரைவுகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இருப்பவற்றில் பல, துறை வல்லுநர் மதிப்பாய்வுக்கு முன் ஏற்றப்பட்டவை. இதழில் வெளிவந்த வடிவம் இருக்கிறதா என்று பார்த்து, எண்களை ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள்.

கிடைத்ததைச் சேமிக்க, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஸோட்டெரோ. இலவசம், வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி கொடுத்த கட்டுரைகள் எங்குமே கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவை இல்லாத கட்டுரைகளாகவே இருக்கலாம். கட்டுரையின் தனி அடையாள எண்ணான டி.ஓ.ஐ. (DOI) 10 என்று தொடங்கும், அதை டி.ஓ.ஐ. தளத்தில் (doi.org) இட்டுப் பாருங்கள். திறக்கும் கட்டுரையின் தலைப்பும் ஆசிரியரும் பொருந்த வேண்டும். திறக்காவிட்டால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.