உடம்புக்கு ஏதோ செய்தால் யாரிடம், எப்படிச் சொல்வது?

ஓஎல் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் முதலில் 'ஒண்டுமில்ல' என்று வரும், திருப்பிக் கேட்டால் 'தலையிடி'. அந்தத் தலையிடிக்குப் பின்னால் பல நேரம் பார்வைக் குறைவு இருக்கும், காலையில் சாப்பிடாமல் ஓடியது இருக்கும், இல்லாவிட்டால் ரியூசனால் கெட்ட நித்திரை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது.

முதலில், 7ஆம், 10ஆம் வகுப்புகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து செய்கிற பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கண்ணாடி போடச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, முன்னால் நிற்கிறவன் வாசிக்கிற எழுத்துகளைப் பாடமாக்கி ஒப்புவிக்கிற ஆட்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டு தந்தால் அது பேக்கின் அடியில் கிடந்து கசங்காமல் அன்று பின்னேரமே அம்மாவின் கையில் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நீங்களாகப் போவதென்றால், அது போதனா வைத்தியசாலையோ களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையோ, ஓபீடியில் (வெளிநோயாளர் பிரிவில்) கூட்டம் இருக்கும், டொக்டருக்கு உங்களோடு கதைக்கச் சில நிமிடம்தான் கிடைக்கும். அதனால் கொப்பியில் அரைத்தாள் கிழித்து எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிருந்து, எந்த இடம், எப்போது கூடுகிறது, வீட்டில் என்ன குளிசை போட்டீர்கள். பெண்பிள்ளைகள் கடைசியாக மாதவிடாய் வந்த திகதியையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளையே நீட்டலாம், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாத விசயமென்றால், 'மிஸ், டொக்டரோட தனிய ஒரு விசயம் கதைக்கோணும்' என்று தாதியிடம் சொன்னால் போதும். ஊர் மிட்வைஃப் அக்காவிடமும் மாதவிடாய் பற்றித் தாராளமாகக் கேட்கலாம்.

பள்ளிக்கூடத்தில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை யன்னலால் எறிகிறவர்களுக்கு: மலம் கறுப்பாகப் போவது வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், கையோடு பிளேன்ரீ குடிக்காதீர்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

அடுத்தது தோல். வியர்வை ஊறிய உடுப்போடு நாள் முழுக்க இருந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும், அது ஒரு பூஞ்சைத் தொற்று. அதற்கு விடுதியில் ஒருவன் பூசிய ரியூப்பையே எல்லாரும் பூசுவார்கள், பார்மசியில் கேட்டு வாங்கிய கிறீமாக இருந்தால் அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கக் கூடும், அது கடியை அமுக்குமே தவிர பூஞ்சையைக் கொல்லாது. இரண்டு மூன்று நாளில் கடி அடங்கிவிடும், சரி, மாறிவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும், நிறுத்தியதும் முன்னதைவிடப் பெரிதாக எழும்பும். வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கள், சொன்ன கிழமைக் கணக்குக்குப் பூசி முடியுங்கள்.

மாரி மழைக்குப் பிறகு காய்ச்சல் என்றால் டெங்குவை மறக்கக் கூடாது. பரசிற்றமோல் மட்டும்தான், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலம் விட்டு. இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் இரத்தம் வந்தால் வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நாளும் காய்ந்தால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, சலம் குறைதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் அம்புலன்சுக்கு 1990.

மனசு சரியில்லை என்பதும் வருத்தம்தான். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, யாராவது தொந்தரவு செய்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929. கூட்டாளி ஒருவன் வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லி, ஒருவரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே நம்பிக்கையான ஆசிரியரிடமோ அவன் வீட்டாரிடமோ சொல்லுங்கள். கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு கதைக்காமல் விடுவான், விடட்டும்.